மரகதம் அக்காவுக்கு விழுந்த ஓட்டுகள்

ஹட்டனிலிருந்து கொட்டகலைக்குத் திரும்பும் பஸ்ஸில் அபூர்வமாக ஜன்னலோரம் இடம் கிடைத்த சந்தோஷத்தில் உட்கார்ந்திருந்தேன். கைபேசி அடித்தது. யோகராஜ். என்னிடம் படித்தவன், இப்போது முச்சக்கரவண்டி ஓட்டுகிறான். "சார், ஆயம்மா போயிட்டாங்க" என்றான். "எங்க?" என்று கேட்டேன். மரகதம் அக்கா எந்நேரமும் எங்காவது போய்க்கொண்டிருப்பவர். யாருக்காவது பிறப்புச் சான்றிதழ் எடுக்க, யாரையாவது ஆஸ்பத்திரியில் சேர்க்க, யாருடனாவது சண்டை பிடிக்க. அதனால் அப்படித்தான் கேட்கத் தோன்றியது. அவன் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. கொட்டகலையில் இறங்காமல் அடுத்த ஊர்வரை போய்விட்டு, திரும்பி நடந்து வந்தேன்.

அவரை அறிந்தவர்களுக்கு நான் அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காக இரண்டு வார்த்தை. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றின் மேல் கணக்கில், அதாவது மேற்பிரிவில், பிள்ளைக்காம்பரா ஆயாவாக இருந்தவர் அவர். தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. அந்தக் கணக்கில் இன்று வாக்குப் போடும் வயதில் இருக்கும் இளையவர்களில் பெரும்பாலோர் அவர் மடியில் தூங்கியவர்கள். ஊருக்கு அவர் ஆயம்மா. தோட்டப் பாடசாலைக்கு ஆசிரியனாகப் போன எனக்கு மரகதம் அக்கா. ஒருமுறை பாராளுமன்றத் தேர்தலில் நுவரெலியா மாவட்டத்தில் வேட்பாளராக நின்று தோற்றார். அந்தத் தோல்வியைப் பற்றி வெளியில் ஒரு கதை உலாவுகிறது. நடந்தது வேறு. அதை எழுதி வைக்க வேண்டும் என்று பலநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் போன பிறகுதான் கை வந்திருக்கிறது.

பிள்ளைக்காம்பராவில் அவரை முதலில் பார்த்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. பாடசாலைக்குப் பக்கத்துக் கட்டடம் அது. நான் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது அங்கிருந்து குழந்தைகள் அழும் சத்தம் வரும். ஒருநாள் பொறுக்க முடியாமல் போய், "கொஞ்சம் சத்தத்தைக் குறைக்க முடியாதா?" என்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிது; அதிகாரம் தலைக்கேறியிருந்த காலம். அவர் ஒரு குழந்தையை இடுப்பிலும் இன்னொன்றைத் தோளிலும் வைத்துக்கொண்டு, "குறைக்கலாங்க சார். இந்தாங்க, நீங்க ஒண்ண வச்சுக்கங்க" என்று தோளில் இருந்ததை என்னிடம் நீட்டினார். அது என் சட்டையில் பால் கக்கியது. வகுப்புக்கு அப்படியே திரும்பிப் போனேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவரிடம் நான் அதிகாரம் காட்டியதில்லை, காட்டினாலும் எடுபட்டிருக்காது.

அவர் தேர்தலுக்கு வந்ததற்குக் காரணம் ஒரு பிரசவம். மேல் கணக்கிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக அப்போது தோட்டத்து வாகனம் எதுவும் கிடையாது. வலி கண்டவர்களைக் கொழுந்து லொறியில்தான் ஏற்றிப் போக வேண்டும். அப்படி ஏற்றப்பட்ட ஒரு பெண்ணுக்குப் பாதி வழியில், கொழுந்துச் சாக்குகளின் மேலேயே பிள்ளை பிறந்தது. கூடப் போயிருந்த மரகதம் அக்காதான் கையில் ஏந்தினார். தாயும் பிள்ளையும் தப்பித்துக்கொண்டார்கள். மறுநாள் காலை பெரட்டுக் களத்தில், வேலை பிரித்துக் கொடுக்கும் நேரத்தில், அவர் போய் தோட்ட நிர்வாகியான தொரை முன்னால் நின்றார். "தொரை, கொழுந்து லொறியில கொழுந்து போகட்டும். புள்ளத்தாச்சி போறதுக்கு ஒரு வண்டி வேணும்" என்றார். பின்னால் நின்ற பெண்கள் ஒருவரும் கூடையைத் தூக்கவில்லை. தொரை பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்பது மலையகத்தில் எவ்வளவு நீளமான சொல் என்று உங்களுக்குத் தெரியும்.

இந்தச் செய்தி ஹட்டன் வரை பரவியது. அடுத்து வந்த தேர்தலில் ஒரு கட்சியைச் சேர்ந்தவர்கள் அவரைத் தேடி, அவர் குடியிருந்த லயத்துக்கே வந்துவிட்டார்கள். நானும் அங்கே இருந்தேன். அக்கா வாசலில் பாய் விரித்து உட்கார வைத்து, தேத்தண்ணி கொடுத்து, "எதுக்குங்க நானு?" என்று கேட்டார். வந்தவர்களில் ஒருவர் உண்மை பேசுகிற சுபாவக்காரர் போலும். "பட்டியல்ல பொம்பள ஒருத்தராவது இருக்கணும்னு தலைமையில சொல்றாங்க" என்று சொல்லிவிட்டார். அக்கா சிரித்தார். "அப்ப உங்களுக்கு ஆளு வேணாம், பொம்பள வேணும்" என்றார். அவர்கள் நெளிந்தார்கள். மறுத்துவிடுவார் என்றுதான் நான் எண்ணினேன். அவர் சம்மதித்தார்.

அவர்கள் போன பிறகு காரணம் கேட்டேன். "வண்டி வேணும்னு நான் கேட்டப்ப தொரை என்னைய பாத்தாரு பாருங்க, இவ யாரு கேக்குறதுக்குன்னு. அதுக்கு எங்கிட்ட பதிலு இல்ல சார். நம்ம சனம் எனக்கு ஓட்டுப் போட்டா அதுதான் பதிலு. பார்லிமெண்டுக்குப் போறேனோ இல்லியோ, நம்ம சனம் என்னைய ஒரு ஆளா நினைக்குதான்னு எனக்குத் தெரியணும்" என்றார். வெற்றியைப் பற்றி அவர் ஒருநாளும் பேசவில்லை. அந்தத் தேர்தலில் அவருக்குத் தேவைப்பட்டது அது ஒன்றுதான்.

கொட்டகலையில் நடந்த கூட்டத்தில் அவருக்கும் பேச வாய்ப்புக் கொடுத்தார்கள். முன்னால் பேசியவர்கள் வீடு, காணி, சம்பளம் என்று அள்ளி வீசிவிட்டுப் போயிருந்தார்கள். அக்கா ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "எனக்குத் தெரிஞ்ச தொழிலு ரெண்டுதாங்க. அழுவுற புள்ளைய தூங்க வைப்பேன். தூங்குற புள்ளைய எழுப்பிப் பால் குடுப்பேன். பார்லிமெண்டுல ரொம்பப் பேரு தூங்குறாங்கன்னு டீவியில காட்டுறாங்க. என்னைய அனுப்பினீங்கன்னா எழுப்பி விடுறேன்" என்றார். கூட்டம் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் ரயில் போன சத்தமே எனக்குக் கேட்கவில்லை. மேடையில் இருந்த பெரியவர்கள் சிலர் மட்டும் சிரிக்கவில்லை. அதன்பின் அவருக்கு வேறு மேடை கொடுக்கப்படவில்லை.

ஆனால் சிக்கல் மேடையில் இல்லை, கோவிலில் இருந்தது. அக்காவின் பெயர் பட்டியலில் வருவதற்கு முன்பே தோட்டத் தலைவர் கதிர்வேல் வேலையை முடித்திருந்தார். அவருடைய தொழிற்சங்கம் வேறொரு கட்சிப் பக்கம். எங்கள் தோட்டங்களில் தேர்தல் என்றால் சூடம் இல்லாமல் தீராது. மாரியம்மன் கோவில் முன்னால் தட்டில் சூடம் ஏற்றி, லயத்துக்கு லயம் ஆட்களைக் கூட்டிவந்து, "நம்ம சின்னத்தைத் தவிர வேற சின்னத்துல புள்ளடி போட மாட்டோம்" என்று சத்தியம் சொல்லி, எரியும் சூடத்தைக் கையால் அணைக்க வைத்துவிட்டார். காசு வாங்கிக்கொண்டு மாற்றிப் போடுகிறவர்கள்கூட அணைத்த சூடத்துக்குப் பயப்படுவார்கள். பிள்ளைகுட்டிக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம் அது. கதிர்வேல் தலைவரையும் பெரிதாகக் குற்றம் சொல்ல முடியாது. அவருக்கு முன்பிருந்த தலைவர்களும் அதையேதான் செய்தார்கள்.

மரகதம் அக்கா சாமிக்குப் பயந்தவர். லயம் லயமாகப் போனார். ஆனால் சின்னத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. "ஆத்தா முன்னாடி சொன்னத மீறச் சொல்லி நான் கேக்கக் கூடாது" என்பார். கட்சி கொடுத்த துண்டுப் பிரசுரங்களை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஒவ்வொரு வாசலிலும் நின்று, "என் நம்பர் ஏழு. மனசிருந்தா போடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். "போடுறோம் ஆயம்மா" என்றார்கள் எல்லோரும். தேர்தல் நாளன்று காலையில் கொஞ்ச நேரம் கொழுந்து எடுத்துவிட்டு, குளித்து, நல்ல சேலை கட்டி, மழைத்தூறலில் பெண்கள் வரிசையாக வாக்குச்சாவடிக்கு நடந்து போனதை நான் பார்த்தேன்.

ஆசிரியர்களுக்குத் தேர்தல் கடமை தப்பாது. அன்றிரவு நான் நுவரெலியாவில் வாக்கெண்ணும் மேசையில் இருந்தேன். நமது வாக்குச் சீட்டு உங்களுக்குத் தெரிந்ததுதான். மேலே கட்சிகளின் சின்னங்கள். கீழே வெறும் இலக்கங்கள், பெயர் கிடையாது. முதலில் ஒரு சின்னத்துக்கு எதிரே புள்ளடி, அதாவது பெருக்கல் குறி, போட வேண்டும். பிறகுதான் அந்தக் கட்சியில் நமக்கு வேண்டியவர்களின் இலக்கங்களுக்கு. சின்னத்தில் போடாமல் இலக்கத்தில் மட்டும் போட்டால் அந்தச் சீட்டு யாருக்கும் இல்லை, செல்லாது. பொகவந்தலாவைப் பக்கத்துப் பெட்டிகள் வந்தபோது அப்படியான சீட்டுகள் வந்துகொண்டே இருந்தன. மேலே சுத்தமாக வெறுமை. கீழே ஏழாம் இலக்கத்தில், பென்சிலை அழுத்திப் பிடித்துப் போட்ட புள்ளடி. என் அருகில் இருந்த சிங்கள அதிகாரி ஒரு கட்டைத் தூக்கிக் காட்டி, இவர்களுக்கு யாருமே சொல்லிக் கொடுக்கவில்லையா என்று வருத்தத்தோடு கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு அவற்றைச் செல்லாத கட்டில் சேர்த்தேன். ஏழாம் இலக்கம் எல்லாக் கட்சிகளிலும் இருக்கிறது. யாரை நினைத்துப் போட்டார்கள் என்று சட்டம் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை.

கட்சிப் பட்டியலில் அக்கா கடைசியாக வந்தார். சொந்தத் தோட்டமே கைவிட்டுவிட்டது என்று கட்சிக்காரர்கள் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். அது அவர் காதுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? மறுநாள் காலையில் வழக்கம்போல் பிள்ளைக்காம்பராவைத் திறந்தார். பிள்ளைகளை வாங்கிக்கொண்டார். தாய்மாரின் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய கேலிப் பேச்சு நின்றுபோனது. கோவிலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். நான் போய்ப் பேச்சுக் கொடுத்தபோது, "ஓட்டுப் போடாததுக்கு எனக்கு வருத்தமில்ல சார். சூடம் அணைச்சவங்க, பயந்திருப்பாங்க. ஆனா வாசல்ல நின்னு போடுறோம் போடுறோம்னு சொன்னாங்க பாருங்க. புள்ளைய என் கையில தந்துட்டுப் போறவங்க, எங்கிட்ட எதுக்குப் பொய் சொல்லணும்?" என்றார். சொல்லும்போது ஒரு குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணைத் துடைக்க யாரும் இல்லை. எனக்கு அழுகை வந்தது. எண்ணும் இடத்தில் கண்டதை வெளியே சொல்லக்கூடாது என்பதால் அந்தச் சீட்டுகளைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

மறுபக்கம் மேல் கணக்குப் பெண்களும் குழம்பிப்போய் இருந்தார்கள். ஆயம்மாவுக்கு என்ன ஆயிற்று, தேர்தலில் நின்றதும் தலைக்கனம் வந்துவிட்டதா என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். இப்படியே மாதங்கள் போயின. பேசினால் ஒரு நிமிடத்தில் தீரக்கூடியதை, பேசாமல் இருதரப்பும் சுமந்துகொண்டு திரிந்தார்கள்.

கோவில் திருவிழாவுக்கு நாள் குறிக்கக் கூடியபோதுதான் அது உடைந்தது. அக்கா வராமல் திருவிழாவா என்று நான் வற்புறுத்தி அழைத்துப் போயிருந்தேன். ஓரமாக, செருப்பு விடும் இடத்தில் நின்றுகொண்டிருந்தார். சிவனம்மா என்று ஒரு கொழுந்து பறிக்கும் பெண், லொறியில் பிள்ளை பெற்றாளே, அவளேதான், நேராக அவர் முன்னால் வந்து நின்றாள்.

"ஏன் ஆயம்மா எங்க மூஞ்சியப் பாக்க மாட்டேங்கிறீங்க? நாங்க என்னா தப்புப் பண்ணோம்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல. விடு."

"விட மாட்டேன். ஒங்களுக்குத்தானே போட்டோம்."

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கோவில்ல நின்னுக்கிட்டுப் பொய் சொல்லாத சிவனம்மா. போட்டா எங்க போச்சு?"

"ஆத்தா மேல ஆணையா போட்டேன். ஏழுக்குத்தான் போட்டேன். நான் மட்டுமில்ல, எங்க லயத்துல எல்லாரும். வேற சின்னத்துல புள்ளடி போட மாட்டோம்னுதானே சூடம் அணைச்சோம்? அதனால சின்னத்துல யாருக்கும் போடல. நம்பருக்குப் போட மாட்டோம்னு சூடம் அணைக்கலியே. ஒங்க நம்பருக்கு மட்டும் போட்டோம். ஆத்தாவுக்கும் குத்தமில்ல, ஒங்களுக்கும் குத்தமில்லன்னு நாங்க கூடிப் பேசித்தான் செஞ்சோம்."

பின்னால் நின்ற பெண்கள், ஆமாம் ஆயம்மா, நானும் அப்படித்தான், நானும் என்றார்கள். ஒரு பெரியவர் மட்டும் பெருமையோடு, "நான் தலைவரு சொன்ன சின்னத்துக்கும் போட்டேன், கீழ ஏழுக்கும் போட்டேன். ரெண்டு பேருக்கும் குறை வைக்கல" என்றார். அந்தக் கட்சியின் ஏழாம் இலக்கக்காரர் எவரோ, அவருக்கு அந்த ஓட்டு எப்படி வந்தது என்று இன்றுவரை தெரிந்திருக்காது.

நுவரெலியா மேசையில் நான் ஒதுக்கிய கட்டுகள் கண்முன் வந்தன. அவற்றைப் பற்றி அப்போதும் சொல்லவில்லை. சட்டத்தை மட்டும் சொன்னேன். சின்னத்தில் போடாமல் இலக்கத்தில் மட்டும் போட்டால் அது செல்லாத வாக்கு என்றேன். சிவனம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். "அப்ப நாங்களே ஆயம்மாவத் தோக்க வச்சிட்டோமா?" என்று கேட்டாள். பெண்கள் அழத் தொடங்கினார்கள். கதிர்வேல் தலைவர் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா செருப்புகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டார். முதலில் அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டும் சேர்ந்து வந்தது. சிவனம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து, "எல்லாரும் போட்டிருக்காங்க சார்" என்றார். நான் மெதுவாக, "செல்லாத ஓட்டுத்தானே அக்கா" என்றேன். "செல்லாதது அரசாங்கத்துக்குத்தாங்க. எனக்குச் செல்லும்" என்றார். பிள்ளைக்காம்பராவில் பழைய கேலிப் பேச்சு மறுநாளே திரும்பி வந்துவிட்டது.

மீண்டும் போட்டியிடச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டார்கள். மறுத்துவிட்டார். தெரிந்துகொள்ள வேண்டியது தெரிந்துவிட்டது என்றார். ஆனால் தொரையை விடவில்லை. பெண்களைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் பெரட்டுக் களத்துக்குப் போனார். இந்த முறை தொரை பார்த்த பார்வைக்கு அவரிடம் பதில் இருந்தது. வண்டி வந்தது. புதியது இல்லை, மேட்டில் ஏறும்போது இருமும், ஆனால் வந்தது. அதன்பின் கொழுந்துச் சாக்கின் மேல் ஒரு பிள்ளையும் பிறக்கவில்லை.

அடுத்த தேர்தலுக்குக் கதிர்வேல் தலைவர் மறுபடியும் சூடத் தட்டோடு கோவிலுக்கு வந்தார். அக்கா படியில் உட்கார்ந்திருந்தார். சண்டை போடவில்லை. "தலைவரே, ஆத்தாவுக்கு நம்ம புள்ளகுட்டியப் பாக்கவே நேரம் போதல. ஓட்டெண்ணுற வேலையும் எதுக்குக் குடுக்குறீங்க?" என்றார். பூசாரியே சிரித்துவிட்டார். தலைவரும் சூடத்தைச் சாமிக்கு ஏற்றிக் கும்பிட்டுப் போனார். எங்கள் மேல் கணக்கில் ஓட்டுக்காகச் சூடம் அணைப்பது அன்றோடு நின்றது. மற்றத் தோட்டங்களைப் பற்றி எனக்குத் தெரியாது.

சிறுநீரகம் அவரைக் கொஞ்ச காலமாகவே படுத்திக்கொண்டிருந்தது. கடைசியாகப் பார்க்கப் போனபோது என்னை உட்காரச் சொல்லிவிட்டு, "ஒங்க சட்டையில பால் கக்குனானே, அவன் இப்ப கொழும்புல பெரிய கடையில வேலை செய்றான் சார்" என்றார். அடக்கத்தன்று தப்பு முழங்க, தேயிலைக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதையில் பாடையைத் தூக்கிப் போனார்கள். முன்னால் தோள் கொடுத்தவர்களில் ஒருவர் கதிர்வேல் தலைவர். வயதானவர், மாற்றிக்கொள்ளுங்கள் என்று இளைஞர்கள் சொன்னதை அவர் கேட்கவில்லை. அன்று யாரும் மலைக்குப் போகவில்லை. போகச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

தேர்தல் கடமை எனக்கு இன்னும் வருகிறது. செல்லாத வாக்குகள் இப்போதும் மேசைக்கு வருகின்றன. சட்டப்படி அவற்றை ஒதுக்குகிறேன், அதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் முன்போல, தெரியாதவர்கள் போட்டது என்று எண்ணிக்கொண்டு தள்ள முடியவில்லை. யாரோ ஒரு பெண் மலையிலிருந்து இறங்கி, குளித்து, நல்ல சேலை கட்டி, மழையில் நடந்து வந்து, யாரையோ மனதில் வைத்துப் பென்சிலை அழுத்தியிருக்கிறாள். கட்டில் சேர்க்குமுன் அந்தச் சீட்டை ஒரு கணம் கையில் வைத்திருக்கிறேன். அவள் நினைத்த அந்த ஆளுக்கு இது ஒருநாளும் தெரியப் போவதில்லை. மரகதம் அக்காவுக்குத் தெரிந்தது.